காய்கறியைக் கழுவினோம், ஜன்னலை மூடினோம்

2020 மார்ச் 28 அன்று உலகச் சுகாதார நிறுவனம் தன் சமூக வலைதளப் பக்கத்தில் ஒரு செய்தி வெளியிட்டது. கோவிட்-19 காற்றில் பரவும் நோய் அல்ல என்பது அதன் சாரம். மறுபேச்சுக்கு இடமில்லை என்பதுபோல 'உண்மை' என்று தலைப்பும் போட்டிருந்தார்கள். இருமும்போதும் தும்மும்போதும் பேசும்போதும் தெறிக்கிற எச்சில் துளிகளில்தான் கிருமி இருக்கிறது. அந்தத் துளிகள் கனமானவை, சட்டென்று தரையில் விழுந்துவிடும். ஆகவே ஒரு மீட்டர் தள்ளி நில்லுங்கள், கையைக் கழுவுங்கள், முகத்தைத் தொடாதீர்கள் என்றார்கள்.

ஊர் உலகமெல்லாம் அதைக் கேட்டு நடந்தது. நம் வீடுகளில் பால் பாக்கெட்டைச் சோப்பு போட்டுக் கழுவினோம். கத்தரிக்காயும் தக்காளியும் மஞ்சள் தண்ணீரில் மிதந்தன. செய்தித்தாளை வெயிலில் காட்டிவிட்டுப் படித்தவர்கள் உண்டு. ரூபாய் நோட்டை இஸ்திரி போட்டவர்களும் உண்டு. தெருத்தெருவாகக் கிருமிநாசினி பீய்ச்சினார்கள். அதே நேரத்தில், ஊரடங்கு தளர்ந்ததும், கதவையும் ஜன்னலையும் சாத்தி ஏசி போட்ட அறைகளில் மணிக்கணக்கில் உட்கார்ந்து வேலை பார்த்தோம். வாசலில் சானிடைசர் தந்தார்கள், நெற்றியில் வெப்பமானியைக் காட்டினார்கள்; உள்ளே காற்று எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று யாரும் கேட்கவில்லை.

கை கழுவியது வீண் வேலை இல்லை. வயிற்றுப்போக்கு தொடங்கிப் பல தொற்றுகளை அது தடுக்கும். ஆனால் கோவிட் பெரும்பாலும் வந்த வழி வேறு. இந்தப் பிழை எப்படி நேர்ந்தது, எப்படித் திருந்தியது என்று தெரிந்துகொள்வது அடுத்த பெருந்தொற்றுக்கும் கைகொடுக்கும். ஏனென்றால் கிருமியிடமிருந்து தப்புவதும் தகவலைச் சலித்து எடுப்பதும் கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நிற்கின்றன: 'இது எப்படித் தெரிந்தது?'

பாட்டுப் பயிற்சியும் புத்தாண்டு விருந்தும்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் மவுன்ட் வெர்னன் என்று ஓர் ஊர். 2020 மார்ச் 10, செவ்வாய்க்கிழமை மாலை ஸ்காஜிட் வேலி சேர்ந்திசைக் குழுவினர் 61 பேர் அங்கே பயிற்சிக்குக் கூடினார்கள். கொரோனா பற்றிய செய்திகள் வரத் தொடங்கியிருந்ததால் எச்சரிக்கையாகவே இருந்தார்கள். சானிடைசர் வைத்திருந்தார்கள், கைகுலுக்கலும் கட்டியணைத்தலும் இல்லை. இரண்டரை மணி நேரம் பாடிவிட்டுக் கலைந்து போனார்கள். வந்தவர்களில் ஒருவருக்கு மட்டும் சளிபோல லேசான அறிகுறி இருந்தது. அடுத்த சில நாட்களில் அவரையும் சேர்த்து 53 பேர் படுத்துவிட்டார்கள். 33 பேருக்குப் பரிசோதனையில் உறுதியானது, 20 பேருக்கு அறிகுறிகளை வைத்துக் கணித்தார்கள். இருவர் இறந்துபோனார்கள்.

ஒருவருடைய எச்சில் 52 பேர் முகத்தில் தெறித்திருக்குமா? அத்தனை பேரும் அவர் தொட்ட இடத்தையே தொட்டிருப்பார்களா? அவர்கள் நாற்காலிகளை அடுக்கியதும் தின்பண்டத்தைப் பகிர்ந்ததும் உண்மைதான். ஆனாலும் அதை மட்டும் வைத்து இந்த எண்ணிக்கையை விளக்க முடியவில்லை. அத்தனை பேருக்கும் பொதுவாக இருந்தது அந்தக் கூடத்துக் காற்று.

சீனாவின் குவாங்சோ நகரத்து உணவகம் ஒன்றில் அதற்கு முன்பே இன்னொரு சம்பவம் நடந்திருந்தது. 2020 ஜனவரி 24, சீனப் புத்தாண்டுக்கு முந்தைய நாள். வூஹானிலிருந்து வந்த ஒரு குடும்பம் மதிய உணவுக்கு உட்கார்ந்தது. அவர்களில் ஒருவருக்குத் தொற்று இருந்தது. பக்கத்து மேசைகளில் வேறு இரண்டு குடும்பங்கள். பிற்பாடு மூன்று குடும்பங்களிலும் சேர்த்துப் பத்துப் பேருக்கு நோய் வந்தது. அதே தளத்தில் சாப்பிட்ட மற்ற 73 பேரில் ஒருவருக்கும் வரவில்லை. பரிமாறியவர்களுக்கும் வரவில்லை.

ஆராய்ச்சியாளர்கள் கண்காணிப்புக் கேமராப் பதிவைப் போட்டுப் பார்த்தார்கள். குடும்பங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவோ நெருங்கவோ இல்லை. அடுத்து, அந்த உணவகத்திலேயே ஆட்களை உட்காரவைத்து, அடையாள வாயு ஒன்றைக் காற்றில் கலந்து அது எங்கே போகிறது என்று அளந்தார்கள். ஜன்னல் இல்லாத கூடம். எக்ஸாஸ்ட் ஃபேன்கள் அணைக்கப்பட்டிருந்தன. ஏசியிலிருந்து வந்த காற்று அந்த மூன்று மேசைகளின் மேல் போய், எதிர்ச் சுவரில் மோதித் திரும்பி, மறுபடியும் ஏசிக்கே வந்து சேர்ந்தது. அதே காற்று அதே பத்துப் பதினைந்து அடிக்குள் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது. பொது இடங்களில் ஒருவருக்கு நொடிக்கு 10 லிட்டர் புதுக்காற்று வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனம் பிற்பாடு தந்த பரிந்துரை. அங்கே கிடைத்தது 1 லிட்டருக்கும் குறைவு.

ஐந்து மைக்ரான் என்ற கோடு

இத்தனைக்குப் பிறகும் 'காற்றில் பரவாது' என்று ஏன் சொன்னார்கள்? அதற்குக் காரணம் ஒரு பழைய எண்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கெட்ட காற்றுதான் நோய்க்குக் காரணம் என்று நம்பினார்கள். காலராவும் மலேரியாவும் வேறு வழியில் வருகின்றன என்று தெரிந்ததும் ஊசல் மறுகோடிக்குப் போனது. அமெரிக்கப் பொதுச் சுகாதார அதிகாரி சார்லஸ் சாப்பின் 1910-இல் எழுதிய நூலில், தொற்று பெரும்பாலும் நெருக்கத்தாலும் தொடுதலாலும்தான் பரவுகிறது, காற்றைப் பற்றிய பயம் தேவையற்றது என்று வாதாடினார். கை கழுவச் சொல்வதற்கு அந்த வாதம் வசதியாக இருந்ததால் மருத்துவ உலகம் அதை அப்படியே பிடித்துக்கொண்டது.

1930-களில் ஹார்வர்டில் பணியாற்றிய பொறியாளர் வில்லியம் வெல்ஸ் வேறொன்று கண்டார். வாயிலிருந்து புறப்படும் துளி, தரையைத் தொடுவதற்குள் உலர்ந்தும் போகலாம். சுமார் 100 மைக்ரானுக்கு மேல் பருமன் உள்ள துளி சில நொடிகளில் விழுந்துவிடும். அதைவிடச் சிறியது விழும் வழியிலேயே நீர் வற்றிச் சுருங்கி, உள்ளிருக்கும் கிருமியோடு காற்றில் மிதக்கத் தொடங்கும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடியின் தடிமன் 70 மைக்ரானை ஒட்டியிருக்கும்.

வெல்ஸும் ரிச்சர்ட் ரைலி என்ற மருத்துவரும் பால்டிமோர் மருத்துவமனை ஒன்றில் செய்த சோதனை புகழ்பெற்றது. காசநோயாளிகள் படுத்திருந்த வார்டின் காற்றைக் குழாய் வழியாக மாடிக்கு இழுத்து, அங்கே கூண்டுகளில் இருந்த கினிப்பன்றிகளைச் சுவாசிக்கவைத்தார்கள். நோயாளிகளுக்கும் அவற்றுக்கும் வேறு எந்தத் தொடர்பும் கிடையாது. ஆனாலும் அவற்றில் பல காசநோய்க்கு ஆளாயின. இன்னொரு கூட்டத்துக்குப் போன காற்றைப் புற ஊதா ஒளியில் காட்டி அனுப்பினார்கள், அவை தப்பித்தன. காசநோய் காற்றில் பரவுகிறது என்று ஐயமற நிரூபணமானது.

குழப்பம் அதற்குப் பிறகு வந்தது. காசநோய்க் கிருமி நுரையீரலின் அடியாழத்துக்குப் போனால்தான் வேர்விடும். அவ்வளவு ஆழத்துக்குப் போகும் துகள் 5 மைக்ரானுக்குள் இருக்கவேண்டும். அந்த 5 என்ற எண், எது மிதக்கும் எது விழும் என்பதற்கான எல்லையாகக் காலப்போக்கில் பாடப்புத்தகங்களில் உருமாறிவிட்டது. வெல்ஸ் சொன்ன 100 மறைந்து 5 நின்றது. வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் காற்றுத் துகள்களை ஆராயும் லின்சி மார், வரலாற்று ஆய்வாளர் கேட்டி ரேண்டல் ஆகியோர் பழைய ஆவணங்களைக் கிளறி இந்தப் பிழையின் தடத்தைக் கண்டுபிடித்தது கோவிட் காலத்தில்தான்.

இயற்பியல் கணக்கு எளிது. ஐந்தடி உயரத்திலிருந்து, காற்று அசையாத அறையில், 100 மைக்ரான் துளி ஐந்தாறு நொடிகளில் தரையைத் தொடும். 5 மைக்ரான் துகள் அரை மணி நேரம் மிதக்கும். 1 மைக்ரான் துகளுக்கு அரை நாள் பிடிக்கும். நிஜ அறையில் காற்று அசைந்துகொண்டே இருப்பதால் மிதப்பது இன்னும் நீளும். நாம் பேசும்போதும் பாடும்போதும், சும்மா மூச்சு விடும்போதும்கூட வெளிவருபவற்றில் எண்ணிக்கையில் மிகுந்தவை இந்தச் சிறுதுகள்கள்தான். கொரோனா வைரஸ் சுமார் 0.1 மைக்ரான் என்பதால் இவற்றுள் தாராளமாக இடம்பிடிக்கும்.

அடுப்பங்கரையில் வற்றல் மிளகாய் தாளித்தால் கூடத்தில் உட்கார்ந்திருப்பவர் இருமுகிறார் அல்லவா, அப்படித்தான். அடுப்புக்குப் பக்கத்தில் நிற்பவருக்குக் காரம் அதிகம், தள்ளி இருப்பவருக்குக் குறைவு. ஜன்னலைத் திறந்தால் எல்லோருக்கும் குறையும். ஆறடி இடைவெளி ஏன் பயன்பட்டது, ஏன் போதவில்லை என்ற இரண்டுக்கும் விடை இதில் இருக்கிறது.

நான்கு ஆண்டு எடுத்த திருத்தம்

2020 ஜூலையில் லிடியா மொராவ்ஸ்கா, டொனால்ட் மில்டன் இருவரும் எழுதிய திறந்த மடலை 239 விஞ்ஞானிகள் ஆதரித்தார்கள். காற்றுவழிப் பரவலைக் கணக்கில் எடுங்கள் என்பது கோரிக்கை. உலகச் சுகாதார நிறுவனம் மெல்ல மெல்ல இறங்கிவந்தது. 2021 ஏப்ரல் இறுதியில் அதன் கேள்வி பதில் பக்கம் மாறியது. அடுத்த வாரமே அமெரிக்காவின் நோய்க்கட்டுப்பாட்டு மையமும் மாற்றியது. அதே மே மாதம், இரண்டாம் அலையின் நடுவில், இந்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகம் ஓர் எளிய வழிகாட்டியை வெளியிட்டது. நுண்துகள்கள் 10 மீட்டர் வரை போகலாம், காற்றோட்டம் முக்கியம் என்று படம் போட்டு விளக்கியது. சுவாசத் தொற்றுகள் எல்லாவற்றுக்கும் பொருந்தும்படி பழைய துளிக் கணக்கைக் கைவிட்டுப் புதிய வரையறையை உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்டது 2024 ஏப்ரலில்.

அந்த நிறுவனத்தின் தலைமை விஞ்ஞானியாக 2022 வரை இருந்தவர் சென்னையைச் சேர்ந்த சௌம்யா சுவாமிநாதன். பதவி விலகும் தருவாயில் அளித்த பேட்டியில், காற்றுவழிப் பரவலைக் கிடைத்த சான்றுகளை வைத்து இன்னும் முன்பே ஒப்புக்கொண்டிருக்கவேண்டும் என்று அவரே வெளிப்படையாகச் சொன்னார்.

இதிலிருந்து 'நிபுணர்கள் சொல்வதெல்லாம் பொய்' என்ற முடிவுக்குத் தாவுகிறவர்கள் உண்டு. அது அவசரப் புத்தி. பிழையைக் கண்டுபிடித்தவர்களும் நிபுணர்களே. வாட்ஸ்அப் குழுக்கள் அதைக் கண்டுபிடிக்கவில்லை; கேமராப் பதிவும் அடையாள வாயுவும் துகள் கணக்கும் கண்டுபிடித்தன.

மேசையில் மூன்று நாள்

பொருட்களைத் தொட்டால் தொற்றும் என்ற பயத்துக்கும் ஓர் ஆய்வுதான் ஆரம்பம். 2020 மார்ச்சில் வெளியான அந்த ஆய்வு, வைரஸ் பிளாஸ்டிக்கில் 72 மணி நேரம் வரை, அட்டையில் 24 மணி நேரம் வரை உயிர்ப்போடு இருக்கும் என்றது. தலைப்புச் செய்தியில் 72 மட்டும் பெரிதாக வந்தது. அளவு மணிக்கு மணி வேகமாகச் சரிந்துகொண்டே வந்து, மூன்றாம் நாள் எஞ்சியது மிகச் சொற்பம் என்பது பின்னுக்குப் போனது. அதே ஆய்வு, நுண்துகள்களில் வைரஸ் சோதனை நீடித்த மூன்று மணி நேரமும் உயிர்ப்போடு இருந்ததாகச் சொல்லியிருந்தது. அதை எடுத்துப் பேசியவர்கள் குறைவு.

2021 ஏப்ரலில் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் கணக்குப் போட்டுச் சொன்னது: கிருமி பட்ட ஒரு பரப்பைத் தொடுவதால் தொற்று வரும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. ஆய்வகத்தில் வைரஸ் பிழைத்திருக்கிறது என்பது ஒரு தகவல்; அதனால் மனிதருக்கு நோய் வந்தது என்பது வேறு தகவல். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தைப் பார்க்கத் தவறினால் கத்தரிக்காயைக் கழுவிக்கொண்டே இருக்கவேண்டியதுதான்.

அறையின் காற்றைப் படிப்பது எப்படி?

கிருமி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஓர் அறையில் அடுத்தவர் விட்ட மூச்சு எவ்வளவு இருக்கிறது என்பதை அளக்கலாம். வெளிக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் சுமார் 420 பங்கு. நாம் விடும் மூச்சில் அது சுமார் 40,000 பங்கு. ஆக, அறையில் 800 காட்டினால் நாம் இழுக்கும் நூறு மூச்சில் ஒன்று ஏற்கெனவே இன்னொருவர் நுரையீரலுக்குள் போய்வந்தது. 2,000 காட்டினால் இருபத்தைந்தில் ஒன்று. கையடக்கக் கருவிகள் இதை நொடியில் காட்டிவிடும். ஜன்னல் சாத்திய வகுப்பறையும் டியூஷன் சென்டரும் 2,000-ஐத் தாண்டுவது பெரிய காரியமே இல்லை.

நம் வீடுகளிலும் கடைகளிலும் மாட்டியிருக்கும் ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறைக்குள் இருக்கும் அதே காற்றைக் குளிர்வித்துத் திரும்ப விடுகிறது. அதன் வலை தூசியைப் பிடிக்கும். வைரஸ் இருக்கும் நுண்துகளைப் பிடிக்காது. வெளியே ஓடும் பெட்டியைப் பார்த்துவிட்டுப் புதுக்காற்று வருகிறது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அந்தப் பெட்டி வெப்பத்தைத்தான் வெளியே தள்ளுகிறது.

பெருந்தொற்று காற்றில் வருகிறது என்றால் செய்யவேண்டியவை பெரும்பாலும் செலவில்லாதவை. எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவையுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஜன்னல் இருந்தால், நிற்கும் மின்விசிறியை வெளியே பார்த்தபடி வைத்து உள்காற்றைத் தள்ளுங்கள். குளியலறை, சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன்களை ஓடவிடுங்கள். ஏசி போட்டே ஆகவேண்டும் என்றால் ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவையுங்கள். மின்கட்டணம் கூடும், ஆபத்து குறையும். வீட்டில் ஒருவருக்குத் தொற்று வந்தால், அவர் அறையின் காற்று வீட்டுக்குள் வராமல் வெளியே போகும்படி பாருங்கள். ஜன்னலே திறக்க முடியாத இடத்துக்கு வடிகட்டி பொருத்திய காற்றுச் சுத்திகரிப்பான் உதவும். அது வைரஸைப் பிடிக்கும், கார்பன் டை ஆக்சைடைக் குறைக்காது. ஆகவே அங்கே கருவி காட்டும் எண்ணை மட்டும் பார்த்துப் பயப்படவேண்டாம்.

முகக்கவசத்தைப் பற்றி ஒரு கேள்வி அடிக்கடி வரும்: வைரஸ் 0.1 மைக்ரான், என்-95 துணியின் இடைவெளி அதைவிடப் பெரிது, எப்படித் தடுக்கும்? அது சல்லடைபோல வேலை செய்வதில்லை என்பதுதான் பதில். அதன் இழைகளில் நிலைமின்னூட்டம் ஏற்றியிருக்கிறார்கள். பக்கத்தில் வரும் துகளை அது இழுத்து ஒட்டவைக்கும். பெரிய துகள்கள் வளைந்து நெளிந்து போக முடியாமல் இழையில் மோதி நின்றுவிடும். மிகச் சிறியவை காற்று மூலக்கூறுகள் இடிப்பதால் தாறுமாறாக அலைந்து எங்காவது ஓர் இழையில் ஒட்டிக்கொள்ளும். இரண்டுக்கும் தப்பக்கூடியவை 0.3 மைக்ரானை ஒட்டிய துகள்கள். அதனால்தான் அந்த மிகக் கடினமான அளவை வைத்தே சோதித்து, குறைந்தது 95 விழுக்காடு பிடித்தால் அந்தப் பெயரைத் தருகிறார்கள்.

ஆனால் இந்தக் கணக்கெல்லாம் கவசம் முகத்தோடு ஒட்டியிருந்தால்தான். காற்று எப்போதும் எளிய வழியைத் தேடும். மூக்கின் ஓரமும் தாடையும் இடைவெளி விட்டால் வடிகட்டாமலே உள்ளே வந்துவிடும். மூச்சு விடும்போது கண்ணாடி பனிபடர்ந்தால் மேலே கசிகிறது என்று அர்த்தம். வால்வு வைத்த கவசம் அணிந்தவரைக் காக்கும், அவர் விடும் மூச்சை மட்டும் வடிகட்டாமல் அடுத்தவர் மேல் விடும். மூக்குக்குக் கீழே தொங்கும் கவசம் யாரையும் காக்காது.

மருந்துச் செய்தியில் பாதி உண்மை

கோவிட் காலத்தில் மருந்து பற்றிய செய்திகள் காட்டாற்று வெள்ளமாக வந்தன. அவற்றில் மூன்று கதைகள் போதும்.

முதலாவது பிளாஸ்மா. குணமானவர் இரத்தத்தில் எதிர்ப்பொருள் இருக்கிறது, அதை நோயாளிக்கு ஏற்றினால் பிழைப்பார் என்பது கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்துச் சோதித்தது. பிளாஸ்மா பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் நோய் முற்றியதிலும் இறப்பிலும் வித்தியாசம் இல்லை. முடிவு 2020 அக்டோபரிலேயே வெளியானது. ஆனாலும் 2021 ஏப்ரலில் இரவெல்லாம் பிளாஸ்மா கேட்டுச் சமூக ஊடகங்களில் குடும்பங்கள் மன்றாடின. மே மாதத்தில்தான் சிகிச்சை நெறிமுறையிலிருந்து அதை நீக்கினார்கள்.

இரண்டாவது டெக்சாமெதசோன். மலிவான பழைய ஸ்டீராய்டு. பிரிட்டனில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் நடத்திய ரிகவரி ஆய்வின் முடிவு 2020 ஜூன் 16 அன்று அறிவிக்கப்பட்டது. வென்டிலேட்டரில் இருந்தவர்களில் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, ஆக்சிஜன் பெற்றவர்களில் ஐந்தில் ஒரு பங்கு. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பயன் எதுவும் இல்லை. இந்தக் கடைசி வாக்கியம் ஊருக்குள் வந்து சேரவில்லை. இரண்டாம் அலையில் லேசான காய்ச்சலுக்கே ஸ்டீராய்டு விழுங்கியவர்கள் ஏராளம். உடலின் எதிர்ப்பைத் தணிப்பதும் சர்க்கரையை ஏற்றுவதும் அந்த மருந்தின் குணம். நீரிழிவோடு அது சேர்ந்த இடங்களில் கருப்புப் பூஞ்சை புகுந்தது. 2021 ஜூலைக்குள் இந்தியாவில் 45,000-க்கும் மேற்பட்டவர்களை அது தாக்கியது. பலர் கண்ணை இழந்தார்கள். ஒரே மருந்து உயிரைக் காத்தது, உயிரை எடுக்கவும் செய்தது.

மூன்றாவது, பெரிய இதழில் வந்தாலே நம்பிவிடக்கூடாது என்பதற்கு. 2020 மே 22 அன்று லான்செட் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. 671 மருத்துவமனைகளின் 96,000 நோயாளிகள் விவரத்தை ஆராய்ந்ததில் ஹைட்ராக்சிகுளோரோகுவின் ஆபத்தானது என்று தெரிவதாக அது சொன்னது. உலகச் சுகாதார நிறுவனம் அந்த மருந்தின் சோதனையையே நிறுத்திவைத்தது. மூல விவரங்களைக் காட்டுங்கள் என்று மற்ற ஆராய்ச்சியாளர்கள் கேட்டார்கள். காட்ட முடியவில்லை. ஜூன் 4 அன்று கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. மறுநாளே ரிகவரி ஆய்வு முறையாகச் சோதித்து, அந்த மருந்தால் மருத்துவமனை நோயாளிகளுக்குப் பயன் இல்லை என்று அறிவித்தது. 'எப்படித் தெரிந்தது?' என்று கேட்கிற பழக்கம் இரண்டே வாரத்தில் ஒரு பொய்யை வெளியேற்றி உண்மையை உட்காரவைத்தது.

விழுக்காடு விழுங்கும் விஷயங்கள்

தடுப்பூசி 95 விழுக்காடு பலன் தரும் என்றால், போட்டுக்கொண்ட நூறு பேரில் ஐந்து பேருக்கு நோய் வரும் என்று பலர் புரிந்துகொண்டார்கள். அப்படி இல்லை. ஃபைசர் தடுப்பூசியின் சோதனையில் சுமார் 43,000 பேர் கலந்துகொண்டார்கள். பாதிப் பேருக்குத் தடுப்பூசி, பாதிப் பேருக்கு வெறும் உப்புநீர் ஊசி. அறிகுறியோடு கோவிட் வந்தவர்கள் மொத்தம் 170. அதில் உப்புநீர் போட்டவர்கள் 162, தடுப்பூசி போட்டவர்கள் 8. ஊசி போடாவிட்டால் 162 பேருக்கு வந்திருக்கவேண்டியது 8 பேருக்குத்தான் வந்தது என்பதே அந்த 95.

இன்னொரு பொறி: 'மருத்துவமனையில் இருப்பவர்களில் பாதிப் பேர் ஊசி போட்டவர்களாம், பின்னே எதற்கு ஊசி?' கற்பனையாக ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். பெரியவர்கள் 10,000 பேர், அதில் 9,000 பேர் ஊசி போட்டவர்கள். போடாதவர்களில் நூற்றுக்கு ஒருவரும், போட்டவர்களில் ஆயிரத்துக்கு ஒருவரும் மருத்துவமனைக்குப் போகிறார்கள் என்று வையுங்கள். போடாத 1,000 பேரில் 10 பேர், போட்ட 9,000 பேரில் 9 பேர். படுக்கையில் 19 பேர். அதில் 9 பேர் ஊசி போட்டவர்கள். செய்தி 'கிட்டத்தட்டப் பாதி' என்று வரும், அது பொய்யும் இல்லை. ஆனால் ஊசி ஆபத்தைப் பத்தில் ஒன்றாகக் குறைத்திருக்கிறது. மொத்தம் எத்தனை பேரில் என்று கேட்காமல் எந்த விழுக்காட்டையும் நம்பாதீர்கள்.

புரளிக்கும் விலை உண்டு

கோழிக்கறியும் முட்டையும் சாப்பிட்டால் கொரோனா வரும் என்று 2020 தொடக்கத்தில் ஒரு புரளி கிளம்பியது. நாமக்கல்லில் முட்டை விலை சரிந்து பண்ணைக்காரர்கள் கலங்கிப்போனார்கள். ஈரானில் சாராயம் குடித்தால் கிருமி சாகும் என்ற வதந்தியை நம்பி மெத்தனால் கலந்த திரவத்தைக் குடித்து நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். நல்லெண்ணத்தோடு அனுப்பிய செய்தியும் இப்படி உயிரையோ பிழைப்பையோ பறிக்கலாம்.

அதற்காக எல்லாவற்றுக்கும் முழுச் சான்று வரும்வரை கைகட்டி உட்கார்ந்திருக்கவும் முடியாது. இங்கே ஓர் எளிய அளவுகோல் இருக்கிறது. தவறாகிப்போனால் என்ன நட்டம் என்று பாருங்கள். ஜன்னலைத் திறப்பது தேவையில்லாத வேலை என்று பின்னால் தெரியவந்தால் நமக்குக் கொஞ்சம் வியர்த்திருக்கும், அவ்வளவுதான். ஆகவே அதற்கு அரைகுறைச் சான்றே போதும். மருந்தை விழுங்குவது, மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடுவது, தடுப்பூசியை மறுப்பது ஆகியவை தவறாகிப்போனால் உயிர் போகும். அவற்றுக்கு வலுவான சான்று வேண்டும். 2020-இல் இந்த அளவுகோல் தலைகீழாகப் போனது. காற்றோட்டத்துக்கு நூறு சதவீத நிரூபணம் கேட்டோம், மாத்திரைக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி போதுமாக இருந்தது.

அடுத்த பெருந்தொற்று எந்த வழியில் வரும் என்று யாரும் சொல்ல முடியாது. அது காற்றில் வரலாம், கொசுவால் வரலாம், தொடுதலால் வரலாம். ஆகவே அது வந்ததும் முதலில் தெரிந்துகொள்ளவேண்டியது பரவும் வழி. அதைப் பற்றிய அறிவுரை மாதத்துக்கு மாதம் மாறினால் கோபப்படாமல், எந்தச் சான்று வந்ததால் மாற்றினார்கள் என்று தேடிப் பாருங்கள். காரணத்தைச் சொல்லி மாற்றுகிறவரை நம்பலாம். ஒன்றுமே மாறாமல், ஒரே மருந்து எல்லாவற்றையும் தீர்க்கும் என்று அடித்துச் சொல்கிறவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். ஒரு செய்தி வந்தால், யார் சொன்னது, எத்தனை பேரிடம் சோதித்தார்கள், யாரோடு ஒப்பிட்டார்கள் என்று கேளுங்கள். பதில் கிடைக்காத செய்தியை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். பெருந்தொற்றில் நீங்கள் செய்யக்கூடிய மிக மலிவான பொதுச் சேவை அதுதான்.